இவனிலும் அவன் பெரியவனா?

ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டுப் பாராமல் மனிதன் ஒரு நாளையேனும் கழிப்பதில்லை. சந்தையிலே கத்தரிக்காய் வாங்குபவரும், மகளுக்கு மாப்பிள்ளை தேடுபவரும், பரீட்சைப் பெறுபேற்றை எதிர்பார்த்திருக்கும் மாணவரும் செய்வது அதனையே. இத்துணைப் பழக்கமான இத்தொழிலை எத்தகைய சொற்களைக் கொண்டு செய்கிறோம் என்பதை மட்டும் நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. தாய்மொழியிற் பேசும்போது இலக்கணம் கண்ணுக்குத் தெரிவதில்லை. பிறமொழி ஒன்றைக் கற்கப் புகும்போதுதான் அது எலும்பும் மூட்டும் தோன்ற எம்முன் வந்து நிற்கிறது.

சில காலமாக ஓய்வு வேளைகளில் நாம் ஸ்பானிய மொழியைக் கற்று வருகிறோம். ஸ்பெயின் தேசத்திலே தோன்றிக் கடல் கடந்து பரவி, இன்று ஏறக்குறைய 20 நாடுகளில் அரசகரும மொழியாக வழங்குவது அம்மொழி. அதன் இலக்கணத்தில் எம்மை மிகவும் கவர்ந்த பகுதி ஒப்பிடுதலைப் பற்றியது. பாடநூல்களில் அது சில பக்கங்களுள் அடங்கிவிடும். ஆயினும், பிள்ளைகளைப் பெற்றோரும் அவர்களுக்குக் கற்பிப்போரும் சிந்திக்க வேண்டிய செய்திகள் சில அப்பக்கங்களில் உண்டு என்பது எமது எண்ணம்.

நான்கே நான்கு சொற்கள்

ஸ்பானிய மொழியின் தாயாகிய இலத்தீனில், ஒப்பிடும்போது சொல்லின் ஈறே மாறும். உயரமான என்று பொருள்படும் 'ஆல்துஸ்' என்னும் சொல், மேலும் உயரமான என்ற பொருளில் 'ஆல்தியோர்' எனவும், மிக உயரமான என்ற பொருளில் 'ஆல்திஸ்ஸிமுஸ்' எனவும் திரியும். தாய் சேர்த்து வைத்த இச்சொத்தை மகள் பெரும்பாலும் கைவிட்டுவிட்டாள். ஸ்பானியர் 'ஆல்தோ' என்ற சொல்லின் முன்னே 'மாஸ்' என்பதையும், பின்னே 'கே' என்பதையும் வைத்து ஒப்பிடுவர். "பேத்ரோ எஸ் மாஸ் ஆல்தோ கே ஹுவான்" என்றால் ஹுவானிலும் பேத்ரோ உயரமானவன் என்பது பொருள். குறைவைச் சொல்ல வேண்டுமாயின் 'மாஸ்' நின்ற இடத்தில் 'மேனோஸ்' வந்து நிற்கும். உயரமானவள் பெண்ணாயின் 'ஆல்தோ' என்பது 'ஆல்தா' ஆகும். இவ்வளவே விதி. அரை மணி நேரத்தில் மாணவர் எவரும் கற்றுக்கொள்ளலாம்.

'மாஸ்' என்னும் அச்சிறு சொல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. இலத்தீனில் மிகுதியைக் குறிக்க 'மகிஸ்', 'புளூஸ்' என இரு சொற்கள் இருந்தன. உரோமப் பேரரசின் நடுவே இருந்த இத்தாலியரும், பிரான்சியரும் 'புளூஸ்' என்பதன் வழிவந்த சொற்களைக் கைக்கொண்டனர். மேற்குக் கோடியில் இருந்த ஸ்பானியரும் போர்த்துக்கேயரும், கிழக்குக் கோடியில் இருந்த ருமேனியரும் 'மகிஸ்' என்பதையே காத்து வைத்தனர். தலைநகரிலே புதுவழக்கு மூத்துக்கொண்டிருக்கையில் எல்லைப்புறக் கிராமங்களிலே பழஞ்சொல் வாழ்ந்திருத்தல் எம்மொழியிலும் நாம் காண்பதன்றோ?

ஸ்பானிய மொழிக்கு முதன்முதலாக இலக்கணம் அச்சேறியது 1492 ஆம் ஆண்டில். கொலம்பஸ் மேற்குத் திசை நோக்கிக் கப்பலேறியதும் அதே ஆண்டிலேதான். அந்தோனியோ தே நெப்ரிஹா என்னும் அறிஞர் அதனை இயற்றி இசபெல் அரசியாருக்கு அர்ப்பணித்தார். ஒரு சொல்லாய் நின்றே ஒப்பீட்டைக் காட்டும் சொற்கள் தம்மொழியில் நான்குதான் உண்டென்று அவர் அந்நூலிற் கணக்கிட்டார். 'மெஹோர்' என்பது மேலும் நல்லது. 'பெயோர்' என்பது மேலும் தீயது. 'மயோர்' என்பது மேலும் பெரியது. 'மெனோர்' என்பது மேலும் சிறியது. ஐந்து நூற்றாண்டுகள் சென்ற பின்னும் மாணவன் முதலில் மனனஞ் செய்வது இந்நான்கினையுமே.

இந்நான்கின் பக்கத்திலே 'மாஸ்' சேர்ந்த வடிவங்களும் வழங்குகின்றன. அங்கேதான் சுவை இருக்கிறது. 'புவேனோ' என்றால் நல்ல என்பது பொருள். திறமையிலோ தரத்திலோ ஒருவன் மற்றவனிலும் மேலானவனாயின் அவனை 'மெஹோர்' என்பர். குணத்தில் மேலானவன், மனத்தால் நல்லவன் என்று சொல்ல விரும்பினால் 'மாஸ் புவேனோ' என்று கூறுவதுண்டு. கணக்கிலே முதல்வனாக வருபவன் 'மெஹோர்' ஆகலாம். தன் உணவுப் பொதியை அயலில் இருப்பவனோடு பகிர்ந்து உண்பவனே 'மாஸ் புவேனோ'. தேர்ச்சி அறிக்கையில் முதலாவதை எழுத இடமுண்டு. இரண்டாவதை எழுத இடமில்லை.

அவ்வாறே 'மாஸ் கிராந்தே' என்றால் உருவத்திற் பெரியது. 'மயோர்' என்றால் பெரும்பாலும் வயதில் மூத்தது. தமையனை ஸ்பானியர் 'எர்மானோ மயோர்', அதாவது மூத்த சகோதரன், என்பர். இளையவன் 'எர்மானோ மெனோர்'. சகோதரன் என்பதற்கு அவர்களிடம் ஒரே சொல்தான். மூப்பும் இளமையும் வேண்டும்போது மட்டும் மேலே சேர்க்கப்படும். எம்மொழியிலோ அண்ணன், தம்பி, அக்கா, தங்கை என்னும் சொற்களுக்குள்ளேயே ஒப்பீடு புகுந்து அமர்ந்திருக்கிறது. எவரோடும் ஒப்பிடாத வெறும் சகோதரனை எமது வீட்டுப் பேச்சிலே காண்பது அரிது. பிறந்த அன்றே தமிழ்ப் பிள்ளை வரிசையில் ஓரிடத்தைப் பெற்றுவிடுகிறது.

ஸ்பானியரும் இதிலிருந்து முற்றாகத் தப்பியவர் அல்லர். ஐயா என்ற பொருளில் அவர்கள் நாள்தோறும் வழங்கும் 'செஞோர்' என்னும் சொல், மேலும் மூத்தவர் என்று பொருள்படும் இலத்தீன் ஒப்பீட்டுச் சொல்லிலிருந்து பிறந்தது. ஒவ்வொருவரையும் ஐயா என்று அழைக்கும்போது 'நீர் என்னிலும் மூத்தவர்' என்று கூறும் பணிவு அதனுள் உறங்குகிறது. இங்கே நாம் சிரேஷ்ட, கனிஷ்ட என்று பதவிகளுக்கு அடைகொடுத்து எழுதுகிறோம். அவையும் வடமொழியில் எல்லாரிலும் சிறந்தவன், எல்லாரிலும் இளையவன் எனப் பொருள்பட்ட சொற்களே. ஒப்பீடு தேய்ந்து மரியாதையாகவும் பதவியாகவும் மாறிய கதை இரு நாட்டுக்கும் பொது.

எண்ணுக்கு ஒரு வழி, ஆளுக்கு ஒரு வழி

இனி, மாணவரை மயங்க வைக்கும் ஒரு விதிக்கு வருவோம். ஆளோடு ஆளை ஒப்பிடும்போது 'மாஸ் கே' என்பர். ஓர் எண்ணைக் கடந்த தொகையைச் சொல்லும்போது 'மாஸ் தே' என்பர். இருபதுக்கு மேற்பட்ட நூல்கள் என்பது 'மாஸ் தே பெயிந்தே லீப்ரோஸ்' ஆகும். இந்த ஓரெழுத்துப் போன்ற வேறுபாட்டை அசட்டை செய்தால் நகைப்புக்கு இடமாகும். ஒருவன் 'மாஸ் தே தியேஸ்' உண்கிறான் என்றால் பத்துக்கு மேற்பட்ட அப்பங்களை உண்கிறான் என்று கொள்ளலாம். 'மாஸ் கே தியேஸ்' உண்கிறான் என்றாலோ, பத்துப் பேர் உண்பதிலும் அதிகமாக உண்கிறான் என்று ஆகிவிடும்!

இவ்விதி எமக்குப் புதுமையாகத் தோன்றினாலும், சிந்தித்தால் அன்னியமன்று. நாமும் 'தம்பியைவிட உயரம்' என்கிறோம். 'இருபதுக்கு மேல்' என்கிறோம். எண்ணுக்கும் ஆளுக்கும் வெவ்வேறு வழி எம்மிடமும் உண்டு. எவரும் கற்பிக்காமலே கற்றமையால் அதனை நாம் விதியென்று உணரவில்லை.

'தே' என்பதற்கு இயல்பான பொருள் 'இருந்து' என்பது, நீக்கத்தைக் குறிப்பது. ஒப்பீட்டுக்குள் நீக்கம் எப்படி வந்தது என்று ஸ்பானிய மாணவன் வியக்கலாம். தமிழ் மாணவன் வியக்க வேண்டியதில்லை. நன்னூலார் ஐந்தாம் வேற்றுமைக்கு உரைத்த பொருள்களுள் நீங்கலும் ஒப்பும் அருகருகே நிற்கின்றன. இலத்தீனிலும் நீக்கப் பொருளுக்குரிய வேற்றுமையே ஒப்பீட்டுக்கும் பயன்பட்டது. யாழ்ப்பாணத்திலே 'அவனிலும் பார்க்க இவன் கெட்டிக்காரன்' என்று பேசும் சிறுவனின் நாவில் அந்தப் பழைய ஐந்தாம் வேற்றுமை இன்றும் உயிரோடிருக்கிறது.

'அவனைவிட' என்பதை உற்று நோக்குங்கள். 'விட' என்பது விடுதல் என்னும் வினையின் வழிவந்தது. ஒருவனை உயர்த்துவதற்கு மற்றொருவனைப் பின்னே விட்டுவிட வேண்டியிருக்கிறது. நீக்கம் என்பது வெறும் இலக்கணப் பெயரன்று. விடப்பட்ட பிள்ளையின் மனமும் அதனை அறியும்.

நினைத்ததிலும் மேல்

ஒப்பிடுவதற்கு எப்போதும் இன்னோர் ஆள் வேண்டும் என்பதில்லை. எண்ணத்தோடும் எதிர்பார்ப்போடும் ஒப்பிடலாம். அதற்கென ஸ்பானிய மொழி 'தே லோ கே' என்னும் தொடரை வைத்திருக்கிறது. 'நான் நினைத்ததிலும் கடினம்' என்பதை 'மாஸ் திஃபீசில் தே லோ கே பென்சாபா' என்பர். 'லோ கே' என்பது எமது 'நினைத்தது', 'எதிர்பார்த்தது' போன்ற வினையாலணையும் பெயர்களின் தொழிலைச் செய்கிறது. இவ்வமைப்பைப் பிற மாணவர் பல நாள் பயில வேண்டியிருக்கும். தமிழர் ஒரு முறை கேட்டாற் போதும்.

இன்னொரு வழக்கும் எமக்கு உறவினது. முன் எப்போதையும்விட நன்று என்பதை ஸ்பானியர் 'மெஹோர் கே நூங்கா' என்பர். 'நூங்கா' என்றால் ஒருபோதும் இல்லை. எதிர்மறைச் சொல் அங்கே ஏன் வந்தது என்று ஆங்கிலத்தின் வழியே கற்பவர் கேட்பர். 'என்றுமில்லாத அளவுக்கு நன்றாகப் பாடினாள்' என்று சொல்லும் நாம் கேட்கமாட்டோம்.

சமமென்று சொல்வதற்கும் வழியுண்டு. உரையாசிரியர்கள் ஒப்பினை உறழ்பொரு, உவமப்பொரு என இருவகைப்படுத்தினர். ஒன்றனிலும் ஒன்று மிகுந்தது என்பது முன்னது. ஒன்றனைப் போன்றது ஒன்று என்பது பின்னது. ஸ்பானிய மொழியில் உவமப்பொருவுக்கு உரியவை 'தான்', 'கோமோ' என்னும் இரு சொற்கள். (இந்தத் 'தான்' எமது 'தான்' அன்று, அவ்வளவு என்பது இதன் பொருள்.) பேத்ரோ ஹுவானைப் போல அவ்வளவு உயரமானவன் என்பது 'தான் ஆல்தோ கோமோ ஹுவான்'. பனிபோல் வெண்மை என்று உவமை கூறும்போதும் இதே 'கோமோ'தான் வரும். ஒருவன் குறைந்தவன் என்று கூற 'மேனோஸ்' இருந்தும், 'அவ்வளவு உயரமல்லன்' என்று இந்தச் சமச்சொல்லை மறுத்துக் கூறும் வழியும் பெரிதும் வழங்குகிறது. குறையைச் சொல்லும்போதும் சமத்துவத்தை ஒருமுறை நாவால் தொட்டுவிட்டே சொல்லும் அம்முறையில் ஒரு நாகரிகம் உண்டு.

வேலியுள்ள முதலிடம்

எல்லாரிலும் மேலானவன் என்று கூற ஸ்பானியர் தனிச்சொல் ஒன்றையும் தேடுவதில்லை. அதே 'மாஸ் ஆல்தோ' என்பதன் முன்னே 'எல்' என்னும் சுட்டுப் போன்ற சிறு சொல்லை வைப்பர். 'எல் மாஸ் ஆல்தோ தே லா கிளாசே' என்றால் வகுப்பிலேயே உயரமானவன். 'மேலும் உயரமானவன்' என்பதற்கும் 'எல்லாரிலும் உயரமானவன்' என்பதற்கும் இடையே இருப்பது அந்தச் சிறு சொல் ஒன்றுதான்.

ஆனால், பின்னே வரும் 'தே லா கிளாசே' என்பதை மறந்துவிடலாகாது. 'வகுப்பில்' என்பது அது. முதல்வன் என்று சொன்னவுடன் எதற்குள் முதல்வன் என்ற வினா எழுகிறது. அவ்வினாவுக்கு விடையாக அது வேலியிட்டு நிற்கிறது. வகுப்பின் முதல்வன் பாடசாலையின் முதல்வன் அல்லன். பாடசாலையின் முதல்வன் மாவட்டத்தின் முதல்வன் அல்லன். வேலியை அகற்ற அகற்ற முதலிடம் வேறொருவரிடம் போய்க்கொண்டேயிருக்கும். எமது வீடுகளிலே முதலாம் பிள்ளை என்ற பேச்சு எழும்போது இந்த வேலி பெரும்பாலும் மறக்கப்படுகிறது. முப்பது பேருக்குள் பெற்ற முதலிடத்தை உலகத்துக்குள் பெற்றதாகக் கொண்டு மயங்குவதும், அதே முப்பது பேருக்குள் பெற்ற இருபதாம் இடத்தை வாழ்நாள் முழுவதற்கும் உரிய தீர்ப்பாகக் கொண்டு மனமுடைவதும் ஒரே பிழையின் இரு முகங்களே.

எவரையும் விடாத புகழ்ச்சி

இறுதியாக, எமக்கு மிகவும் உவப்பான ஒன்றைக் கூறுவோம். நெப்ரிஹாவின் காலத்தில் ஒரு பண்பின் மிகுதியைக் கூற 'முய்', அதாவது மிக, என்னும் அடையையே இட்டனர். அதன்பின் 16 ஆம் நூற்றாண்டிலே கற்றறிந்தோர் இலத்தீனில் இருந்த பழைய உச்சநிலை ஈற்றைத் தேடியெடுத்து மீண்டும் வழக்குக்குக் கொணர்ந்தனர். இத்தாலிய மொழியின் செல்வாக்கும் அதற்குத் துணைநின்றது. 'ஆல்தோ' என்பது 'ஆல்தீசிமோ' ஆயிற்று. 'புவேனோ' என்பது 'புவெனீசிமோ' ஆயிற்று. இப்புதுமோகம் அளவு கடந்தபோது செர்வாந்தெஸ் அதனை எள்ளி நகையாடவும் தவறவில்லை. 1615 இல் வெளிவந்த 'டொன் கிஹோத்தே' இரண்டாம் பாகத்திலே, துயருற்ற மாது போல் வேடமிட்டு வரும் ஒருவன் பெயர்ச்சொற்களுக்கும் ஊர்ப்பெயருக்குமே இந்த ஈற்றைச் சேர்த்துப் பேச, ஏவலாளன் சாஞ்சோ பான்சாவும் அதே பாணியில் மறுமொழி கூறுவதைப் படிப்போர் வாய்விட்டுச் சிரிப்பர்.

நகைப்பு ஒருபுறம் இருக்க, இந்த ஈற்றிலே ஓர் அரிய பண்பு உண்டு. 'ஆல்தீசிமோ' என்பதன் பின்னே 'கே' வராது. முன்னே 'மாஸ்' வருவதும் இல்லை. யாரிலும் உயரம், எதனிலும் உயரம் என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை. இலத்தீனிலே எல்லாரிலும் மேல் என்ற பொருளுக்கும் உரியதாக இருந்த ஈறு, ஸ்பானிய மொழியிலே பிறரை முற்றாக மறந்துவிட்டது. ஒருவரையும் பின்னே விடாமல் ஒருவரைப் புகழ்வதற்கு உரிய சொல்லாக அது நிற்கிறது.

எமது தமிழிலும் இதற்கு வழி இல்லாமலில்லை. மிகுதியைக் குறிக்கும் உரிச்சொற்களாக உறு, தவ, நனி, சால, கூர், கழி என ஆறு சொற்களை இலக்கண நூலார் தொகுத்துத் தந்தனர். அவற்றுள் ஒன்றேனும் அயலாரைத் துணைக்கு அழைப்பதில்லை. இவ்வளவு செல்வமிருந்தும், பிள்ளையைப் பாராட்ட வாயெடுத்தால் அடுத்த வீட்டுப் பிள்ளையின் பெயரே எமக்கு முன்னே வருகிறது.

சென்ற தவணை முடிவிலே தந்தையார் ஒருவர் தம் மகளோடு எம்மைக் காண வந்தார். கணிதத்தில் முதலாந் தவணையிலே 58 புள்ளிகள் பெற்ற பிள்ளை, இம்முறை 71 பெற்றிருந்தாள். தேர்ச்சி அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அவர் கேட்ட முதற் கேள்வி இதுதான்:

"மாஸ்டர், இவளோட படிக்கிற மற்றப் பிள்ளையள் எவ்வளவு எடுத்தவை?"

மகள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மற்றவர்களின் புள்ளிகளைக் கூறுவது எமக்குக் கடினமன்று. பேரேடு மேசையிலேதான் இருந்தது. நாம் அதனைத் திறக்கவில்லை.

"முதலாந் தவணையிலும் பார்க்க இவள் பதின்மூன்று புள்ளி கூட எடுத்திருக்கிறாள், ஐயா," என்றோம்.

அவர் அறிக்கையை மறுபடியும் விரித்துப் பார்த்தார். "பதின்மூன்றோ?" என்று மெல்லக் கேட்டார். அந்தக் கணக்கை அவர் அதுவரை செய்து பார்த்திருக்கவில்லை. மகளும் தலையை நிமிர்த்தினாள்.

நாம் அங்கே கூறியதும் ஓர் ஒப்பீடுதான். ஆனால் அதிலே பின்னே விடப்பட்டவள் அயலிலுள்ள பிள்ளை அல்லள், நேற்றைய அவளே.

ஒப்பிடுதலே ஆகாது என்பது எமது கருத்தன்று. அளவையும் நிறையையும் ஒப்பிடாமல் விஞ்ஞானம் இல்லை. பரீட்சைகளிலே வரிசைப்படுத்தாமல் உள்ள இடங்களைப் பகிர்ந்தளித்தலும் இயலாது. புலமைப்பரிசில் முதலாகப் பல்கலைக்கழக அனுமதி வரை எமது பிள்ளைகள் அந்த வரிசைகளில் நின்றே ஆக வேண்டும். பரீட்சை மண்டபத்துக்கு உரிய அளவுகோலை உணவு மேசைக்கும் கொண்டுவருவதே வேண்டாதது. வெளியுலகம் 'மாஸ் கே' என்று நாள்தோறும் அளந்துகொண்டிருக்கையில், அளவாத சொல் ஒன்றைப் பிள்ளை கேட்பதற்கு வீட்டைத் தவிர வேறிடம் எங்கே உண்டு?

ஒப்பிட வேண்டிய வேளையிலும் ஸ்பானிய இலக்கணம் கேட்கும் கேள்விகளை நாமும் கேட்டுக்கொள்வது நன்று. எதிலே ஒப்பிடுகிறோம், திறமையிலா, குணத்திலா? எதனோடு ஒப்பிடுகிறோம்; எண்ணோடா, ஆளோடா, எமது எதிர்பார்ப்போடா? எந்த வேலிக்குள் நின்று ஒப்பிடுகிறோம்? இவற்றுக்கு விடை தெரியாமற் கூறும் ஒப்பீடு ஸ்பானிய மொழியிலே வாக்கியமாக முற்றுப்பெறுவது அரிது. வீட்டிலே அது முற்றுப்பெற்றுவிடுகிறது. ஒரு பிள்ளையின் நெஞ்சிலே நெடுநாள் தங்கியும் விடுகிறது.

பிறமொழி கற்பதனால் உத்தியோகம் கிடைக்கும் என்று கூறி மாணவரை ஊக்குவிப்போர் பலர். அது மெய்யே. அதனோடு, எமது வாயிலிருந்து அன்றாடம் வெளிப்படும் சொற்களைப் புதிதாய்க் கேட்கும் செவியையும் அது தருகிறது. மாணவ அன்பர்கள் வசதியுள்ளபோது ஏதேனும் ஒரு பிறமொழியைப் பயிலத் தொடங்குவார்களாக. பெற்றோர்களோ, புதுமொழி எதையும் கற்காமலே, இன்றிரவு தம் பிள்ளையை நோக்கி 'நனி நன்று' என்று சொல்லி, அதன்பின் வேறெவர் பெயரையும் சேர்க்காமல் நிறுத்திப் பார்ப்பார்களாக.